கோயில் மண்டபத்துக் கோடை வகுப்பு: பிள்ளைகளை அனுப்பலாமா?

மார்ச் பிறந்தாலே ரங்கூனில் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரே தலைவலிதான், ஜூனில் பள்ளி திறக்கும்வரை இதுகளை என்ன செய்வது என்று. ஒன்று போனைக் கையில் கொடுத்துவிடுகிறோம், இல்லாவிட்டால் அடுத்த வகுப்புப் பாடத்தை இப்போதே நடத்துகிற டியூஷனில் காசைக் கட்டித் தள்ளிவிடுகிறோம். இந்த வருடம் நான் இரண்டும் வேண்டாம் என்று, எங்கள் பக்கத்து அம்மன் கோயில் மண்டபத்தில் காலை எட்டிலிருந்து பத்துவரை நடக்கும் கோடை வகுப்பில் இரண்டு பிள்ளைகளையும் விட்டேன். கோயில் பெயரை இங்கே போடவில்லை, ஏற்கெனவே அங்கே பாய் விரிக்க இடமில்லை. கட்டணம் கிடையாது, முடிந்ததை உண்டியலில் போடலாம்.

தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் வகுப்பு. ஆனால் எனக்குப் பிடித்தது அங்கே தினமும் கொடுக்கும் அரைத்தாள். ஒரு பக்கம் சொல்வதெழுதுதல், மறுபக்கம் பஜார் சாமான் பட்டியல், விலையோடு. கூட்டி மொத்தம் போட வேண்டும். நம் ஊரில் முட்டையே நூற்றுக்கணக்கான சாட் (பர்மாப் பணம்), எண்ணெய் அரிசி என்று போனால் ஆயிரக்கணக்கில், அதனால் சின்ன வகுப்புப் பிள்ளைகூடப் பெரிய எண்ணைப் பார்த்து மிரளுவதில்லை. சயாமா (பர்மியில் ஆசிரியை) தப்பைச் சிவப்பு மையில் சுழித்துத் தள்ளுவதில்லை, பக்கத்தில் உட்காரவைத்து "எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்" என்கிறார். என் சின்னவன் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு தானே அழித்துவிட்டு மறுபடி போட்டான்.

1996இல் அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் கோடை விடுமுறை பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வாசிப்பைவிடக் கணக்குப் போடுவதும் எழுத்துக்கூட்டுவதும்தான் பிள்ளைகளுக்கு அதிகம் மறந்துபோவதாகத் தெரிந்தது. சயாமா அதைப் படித்தாரோ என்னவோ, அவருடைய அரைத்தாள் சரியாக அந்த இரண்டையும் பிடித்துவைக்கிறது. புதுப் பாடம் எதையும் திணிப்பதில்லை, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

மூலையில் ஒரு அலமாரி, இந்தியாவிலிருந்து யாரோ கொண்டுவந்து போட்ட பழைய சிறுவர் இதழ்கள். பாதிக்குக் கடைசிப் பக்கம் இல்லை. முடிவைப் பிள்ளைகளே எழுதி வரவேண்டுமாம். என் மகள் எழுதியதில் ராஜா மொகிங்கா (பர்மிய மீன்சாற்று நூடுல்ஸ்) கடை வைத்துவிட்டார்!

சரி, குறைக்கு வருவோம். தகரக் கூரை, கரண்ட் போனால் மின்விசிறி நின்றுவிடும், ஒன்பதரைக்கு மேல் வேர்த்துக் கொட்டுகிறது. ஆறு வயதுப் பிள்ளையையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் ஒரே பாயில் உட்காரவைப்பதால் பெரியதுகள் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்தவன் காதைத் திருகுகின்றன. தண்ணீர்த் திருவிழா, தமிழ்ப் புத்தாண்டு என்று ஏப்ரல் நடுவில் மூடியவர்கள் மாதக் கடைசிவரை திறக்கவே இல்லை. அந்த நாட்களுக்கு நாலு அரைத்தாளையாவது கையில் கொடுத்திருக்கலாம், கேட்டதற்குச் சிரித்தார்கள். அப்புறம் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று பெற்றோரிடம் யாரும் வாய் திறப்பதில்லை, நாமேதான் வாசலில் நின்று சயாமாவைப் பிடிக்க வேண்டும்.

பத்து வயதுக்குள் என்றால் தாராளமாக அனுப்புங்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வேறு இடம் பாருங்கள். இந்த மாதிரி வகுப்பு உங்கள் பக்கத்துக் கோயிலிலும் இருக்கலாம், பரீட்சை முடிந்த கையோடு போய் விசாரித்துப் பெயர் கொடுத்துவிடுங்கள், தண்ணீர்ப் பாட்டிலோடு ஒரு கைவிசிறியும் பையில் போட்டு அனுப்புங்கள்.