திருபுவனத்துல பட்டு எடுத்த கதை, 4 ஸ்டார்

தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க கும்பகோணத்துல இருந்து திருபுவனம் போனோம். எனக்கு ஒரு வியாதி, யாராச்சும் நல்லா இருக்குன்னு சொல்லாம கர்ச்சீப் கூட வாங்க மாட்டேன். மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் ஒண்ணு பாத்ததுமே புடிச்சுப்போச்சு, ஆனா வீடியோ கால்ல அத்தை, அண்ணி, ஃப்ரெண்டுன்னு மூணு பேரும் டல்லா இருக்கேன்னாங்க, உடனே எனக்கும் டல்லா தெரிய ஆரம்பிச்சிருச்சு. 1950கள்ல ஆஷ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் கோடு காட்டி செஞ்ச சோதனையில கூட இருந்தவங்க வேணும்னே தப்பா சொல்ல, முக்காவாசி பேரு ஒரு தடவையாச்சும் கண்ணுக்குத் தெரியுற நீளத்தையே மாத்தி சொன்னாங்களாம், நான் அந்த கோஷ்டி.

கடைக்கார அண்ணன் 'சூப்பர்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லல. வாசல் வெளிச்சத்துல பிரிச்சுப் போட்டு முந்தி ஜரிகையைத் தொட்டுப் பாக்கச் சொல்லிட்டு, "போனைக் கொஞ்சம் கீழ வைங்கம்மா, கட்டப்போறது நீங்கதானே"ன்னாரு. அதையே எடுத்தேன்!

பில் போட முக்கா மணி நேரம், அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கம்மி. வீட்டுக்கு வந்ததும் அத்தை "நேர்ல நல்லாத்தான்டி இருக்கு"ன்னாங்க, அதுக்கு நான் பட்ட சந்தோஷத்தைப் பாத்தா வியாதி இன்னும் போகல.