அக்ஸ்பிரிட்ஜ் பங்கர்: 76 படி இறங்கிப் பார்த்தது

மேற்கு லண்டனில் ஏ40 வீதியால் வேலைக்குப் போய்வருகிற எங்கள் ஆட்களுக்கு 'போலிஷ் வோர் மெமோரியல்' (போலந்துப் போர் நினைவுச்சின்னம்) என்ற பெயர்ப்பலகை நன்றாகத் தெரியும். காலையில் வானொலியில் அந்தப் பெயர் வந்தால் நெரிசல் என்று அர்த்தம். நானும் இருபது வருடமாக அப்படித்தான் அதைக் கடந்து போனேன். உச்சியில் கழுகு நிற்கிற அந்தத் தூண் யாருக்கு எழுப்பியது என்று மகள் கேட்ட அன்றுதான், எனக்கே தெரியாது என்பது உறைத்தது. அதைத் தேடிப் போய்ச் சேர்ந்த இடம் அக்ஸ்பிரிட்ஜில் இருக்கிற 'பட்டில் ஒஃப் பிரிட்டன் பங்கர்' அருங்காட்சியகம். 1940இல் ஜேர்மன் விமானங்களை எதிர்த்து பிரிட்டன் நடத்திய வான்சண்டைதான் 'பட்டில் ஒஃப் பிரிட்டன்'. போன மாதம் நான், மனைவி, மகள், மாமா நாலு பேரும் போனோம்.

பங்கர் என்ற சொல்லோடு வளர்ந்தவன் நான். 1990இல் எங்கள் வளவில் அப்பாவும் பெரியப்பாவும் வெட்டியது ஒரு 'எல்' வடிவப் பள்ளம். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. பொம்பர் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் குந்துவோம். வானத்தில் என்ன நடக்கிறது என்று உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அக்ஸ்பிரிட்ஜ் பங்கரோ, வானத்தில் நடப்பதையெல்லாம் அறுபது அடி நிலத்துக்குக் கீழே ஒரு மேசையில் விரித்துப் பார்த்த இடம். லண்டனையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் காத்த, பிரிட்டிஷ் வான்படையின் 11ஆம் குழுவின் சண்டை விமானங்களை 1940இல் அதன் தளபதி கீத் பார்க் நடத்தியது இங்கிருந்துதான்.

இறங்க 76 படி, ஏறவும் அதே 76. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துத்தான் இறங்க வேண்டும். மாமா மேலே காட்சிக்கூடத்திலேயே இருந்துவிட்டார். அங்கேயும் பார்க்க நிறைய இருப்பதால் அவருக்குப் பொழுது வீணாகவில்லை.

கீழே அறைக்குள் கால் வைத்ததும் கண்ணில் படுவது அந்தப் பெரிய வரைபட மேசை. 1940 செப்டெம்பர் 15 முற்பகலில் எப்படி இருந்ததோ அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு மேசையைவிடச் சுவர் மணிக்கூடுதான் பிடித்தது. அதன் முகத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று முக்கோணங்கள் மாறி மாறி வருகின்றன. மேசையில் வைக்கிற அம்புக்குறிகளும் அதே மூன்று நிறம். நிமிட முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ, அந்த நேரம் வருகிற செய்திக்கு அந்த நிற அம்பு. நீளத் தடியால் அவற்றைத் தள்ளி வைத்தவர்கள் இளம் பெண்கள். மேல்மாடத்தில் இருந்த அதிகாரி ஒருமுறை கண்ணோட்டினாலே எது புதுச் செய்தி, எது பழசு என்று பிடித்துவிடலாம். கணினி இல்லாத காலத்தில் எவ்வளவு எளிமையான யோசனை! மகள் அதை விட்டு நகரவே இல்லை.

எதிர்ச்சுவரில் படையணிகளின் பலகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல், நிரல் முழுக்கச் சின்ன விளக்குகள். ஆயத்தம், கிளம்பிவிட்டது, எதிரியைக் கண்டது என்று நிலை மாற மாற விளக்கும் மாறும். அன்று மேல்மாடத்தில் இருந்த சர்ச்சில், மிச்சப் படை எவ்வளவு என்று கேட்க, ஒன்றும் இல்லை என்று பார்க் சொன்ன கதையை வழிகாட்டி இந்தப் பலகைக்கு முன்னால் நிறுத்தித்தான் சொன்னார். நாங்கள் தேடி வந்த ஆட்களும் இந்தப் பலகைக்கு உரியவர்கள்தான்: நோர்த்தோல்ட் விமானத் தளத்தின் 303ஆம் படையணி. பெரும்பாலும் போலந்துக்காரர், கூடவே யோசஃப் ஃப்ரான்டிஷெக் என்ற ஒரு செக்காரர்.

பலகையில் வெறும் மூன்று இலக்கம். அதற்குப் பின்னால் இருந்த வாழ்க்கை என்னை உலுக்கிவிட்டது. 1939 செப்டெம்பரில் ஒரு பக்கம் ஜேர்மனி, மறுபக்கம் சோவியத் என்று நாடு போய்விட்டது. ருமேனியா, ஹங்கேரி எல்லைகளைக் கடந்து, முகாம்களில் இருந்து தப்பி, கப்பல் பிடித்து பிரான்ஸ் போனார்கள். 1940 ஜூனில் பிரான்ஸும் விழ, கடைசியாக இங்கே. இங்கிலாந்தை அவர்கள் 'கடைசி நம்பிக்கைத் தீவு' என்று சொன்னார்களாம். நாடு நாடாக மாறி இங்கு வந்து சேர்ந்த எந்தக் குடும்பத்துக்கும் அந்தப் பெயரின் பாரம் விளங்கும்.

வந்தவர்கள் அனுபவசாலிகள். ஆனாலும் உடனே பறக்க விடவில்லை. மொழி தெரியாது. பழகிய விமானங்களில் வேகக் கைபிடியைப் பின்னுக்கு இழுத்தால் வேகம் கூடும், இங்கே முன்னுக்குத் தள்ள வேண்டும். கிலோமீற்றர் போய் மைல் வந்தது. சொந்த நாட்டில் ஓட்டிய பழைய விமானத்தில் சக்கரம் நிலையாக இருந்தது, இங்கே கொடுத்த ஹரிக்கேன் சண்டை விமானத்தில் அதை மறக்காமல் இறக்க வேண்டும். வானொலிக் கட்டளைகள் பழக, வளர்ந்த ஆண்களை முச்சக்கர சைக்கிளில் ஏற்றி மைதானத்தில் அணிவகுத்து ஓட்ட வைத்திருக்கிறார்கள். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்துவிட்டு வந்தவன், முதல் வருடம் பெட்ரோல் நிலையத்தில் வாய் திறக்கப் பயந்து நின்றது நினைவுக்கு வந்தது.

ஓகஸ்ட் 30 அன்று பயிற்சிப் பறப்பின் நடுவில் 303இன் விமானி லுட்விக் பாஷ்கியேவிச் அணியை விட்டு விலகிப் போய் ஒரு ஜேர்மன் விமானத்தை வீழ்த்திவிட்டு வந்தார். மறுநாளே படையணியைச் சண்டைக்கு இறக்கினார்கள். அடுத்த ஆறு வாரத்தில் வீழ்த்திய விமானங்கள் 126 என்று அப்போது கணக்கு வைத்தார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள் அந்த எண்ணைக் குறைத்தாலும், அந்தச் சண்டையில் முன்வரிசையில் நின்ற படையணிகளில் 303 ஒன்று என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

வழிகாட்டி வயதான மனிதர், அவசரப்படுத்தவே இல்லை. மேலே வந்து, கேட்டதையெல்லாம் மாமாவுக்குச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இவை பிறகு வீட்டுக்குப் போனவையோ?"

பெரும்பாலானவர்கள் போகவில்லை. போர் முடிந்தபோது போலந்து சோவியத்தின் பிடியில். 1946 ஜூனில் லண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்புக்கு போலந்து வான்படையினர் சிலரை மட்டும் கூப்பிட்டார்கள். மற்றத் தோழர்கள் இல்லாமல் வரமாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். இங்கே தங்க வழி செய்யும் சட்டம் 1947இல் வந்தது. அதே வருடம் திரும்பிப் போன ஸ்டானிஸ்லாவ் ஸ்கால்ஸ்கி என்ற பெரிய வீரரை அடுத்த வருடமே உளவாளி என்று பிடித்தார்கள், பிறகு மரண தண்டனை விதித்தார்கள். தண்டனை குறைக்கப்பட்டு, 1956இல்தான் வெளியே வந்தார். வானத்தில் தப்பிய மனிதனுக்குத் தன் ஊரில் கிடைத்த வரவேற்பு அது. மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

போகிறவர்களுக்கு என் பரிந்துரை: பங்கரோடு திரும்பிவிடாதீர்கள். நிலத்தடி அறை சண்டையைக் காட்டுகிறது, ஆட்களைப் பார்க்க இன்னும் இரண்டு இடம் போக வேண்டும். சவுத் ரைஸ்லிப்பில் அந்தத் தூண், 1948 நவம்பர் 2இல் திறந்தது, இறந்தவர்களின் பெயர்கள் பின்புறம் இருக்கின்றன. அப்புறம் நோர்த்வூட் மயானம். 1940 செப்டெம்பர் 27 அன்று சண்டையில் விழுந்த பாஷ்கியேவிச் அங்கேதான் இருக்கிறார். ஃப்ரான்டிஷெக்கும் அங்கேதான், அதே வருடம் ஒக்டோபர் 8இல் விமானம் விழுந்து இறந்து போனவர். படையணியின் நாட்குறிப்பை விடாமல் எழுதிவந்த மிரோஸ்லாவ் ஃபெரிச்சும் அங்கே. 1942 பெப்ரவரியில் நோர்த்தோல்ட்டுக்கு மேலேயே அவருடைய ஸ்பிட்ஃபயர் விமானம் வானில் உடைந்தது. மூன்று இடமும் காரில் ஒரே நாளில் முடியும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தயங்காமல் கூட்டிப் போங்கள்.

மயானத்தில் ஒரு கல்லடியில் கண்ணாடி விளக்கு ஒன்று சரிந்து கிடந்தது. மாமா மெல்லக் குனிந்து அதை நிமிர்த்தி வைத்தார். நவம்பர் முதலாம் திகதி போலந்துக்காரர்கள் கல்லறைகளில் விளக்கேற்றுவார்கள் என்று மகள் தொலைபேசியில் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கு விடுமுறை எடுக்கச் சொல்லி மாமா இப்போதே கேட்டிருக்கிறார்.