சாங்கி – நியூயார்க்: நேராகவா, ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவா?

ஜூன் விடுமுறை நெருங்கினால், நியூஜெர்சியில் மகனோ மகளோ இருக்கும் சிங்கப்பூர் வீடுகளில் எந்த வழியில் போவது என்ற பேச்சு தொடங்கிவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸை மட்டும் எடுத்துக்கொண்டாலே இரண்டு வழி. எங்கும் நிற்காமல் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே விமான நிலையத்துக்கோ, பக்கத்து நியூஜெர்சியின் நியூவர்க் விமான நிலையத்துக்கோ போகலாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறி ஜே.எஃப்.கே போகலாம்.

தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நேர்வழி ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் வரை சுமார் 10,260, அங்கிருந்து 6,190, ஆக 16,450. கூடுதல் தூரம் ஒன்றேகால் மணி நேரத்தில் பறந்துவிடக்கூடியது. ஆனால் நேரடி விமானம் எடுப்பது 18½ மணி நேரம், மற்றது கிட்டத்தட்ட 24. மீதி நேரம் எங்கே போகிறது?

பாதி ஃபிராங்க்ஃபர்ட்டில், கைப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறுவதில் போகிறது. மிச்சத்தில் பெரும்பங்கு காற்றுக்கு. உலக உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், சாங்கியிலிருந்து நியூயார்க்குக்குக் குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டிப் போகும். ஆனாலும் போகும்போது பெரும்பாலும் வட பசிபிக் பக்கமாகத்தான் பறக்கிறார்கள். மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் ஜெட் காற்று அங்கே பின்னாலிருந்து தள்ளும். கிலோமீட்டர் கூடினாலும் நேரம் மிச்சம். ஃபிராங்க்ஃபர்ட் வழியில் அட்லாண்டிக்கைத் தாண்டும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். திரும்பி வரும்போது கதை மாறும், இரண்டு வழிக்கும் உள்ள இடைவெளி சற்றுக் குறைந்துவிடும்.

சரி, விலைக்கு வருவோம். நேரடி விமானம் கொள்ளை விலை என்று பலர் சொல்வது எக்கானமி டிக்கெட்டோடு ஒப்பிட்டுத்தான். அந்த விமானத்தில் எக்கானமியே கிடையாது! ஏ350-900 யு.எல்.ஆர் என்ற, மிக நீண்ட தூரம் பறக்கும் அந்த ரகத்தில் 165,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையைக் குறைக்க மொத்தமே 161 இருக்கைதான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எக்கானமி (எக்கானமிக்கு ஒரு படி மேல்). முன்பு 2004இல் நியூவர்க்குக்கு நேரடியாக ஓடத் தொடங்கிய பழைய விமானமான ஏ340-500க்கு நான்கு எஞ்சின். எரிபொருளைக் குடித்துத் தீர்த்தது. 2013இல் நிறுத்தி, 2018இல்தான் இந்தப் புது விமானத்தோடு மறுபடி ஆரம்பித்தார்கள். ஆகவே பிரீமியத்தைப் பிரீமியத்தோடு வைத்துப் பாருங்கள், அதுதான் நியாயமான கணக்கு.

என்னைக் கேட்டால், நாலு பேர் கொண்ட குடும்பம், பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் ஃபிராங்க்ஃபர்ட்டே போதும். எக்கானமி கிடைக்கும், நடுவில் பிள்ளைகள் கொஞ்சம் ஓடியாடலாம். வயதான அம்மா அப்பா தனியாகப் போகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், நேரடிதான். அதிகாலையில் அறிமுகமில்லாத விமான நிலையத்தில் கேட் தேடி அலைய வேண்டியதில்லை. பிரீமியம் எக்கானமியின் கடைசி சில வரிசைகளில் ஓரமாக ஒற்றை இருக்கைகள் உண்டு. தனியாகப் போகிறவர் பக்கத்தில் யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம், முந்திக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

இறங்கும் இடத்தையும் பாருங்கள். நியூஜெர்சியில் எடிசன் ஊர்ப் பக்கம் வீடு என்றால் நியூவர்க்தான் கிட்டம், ஜே.எஃப்.கேயில் இறங்கினால் நகரத்து நெரிசலைத் தாண்டி வர வேண்டும். கோடையில் நேர வித்தியாசம் சரியாக 12 மணி. இரவு 11½க்கு இங்கே கிளம்பினால் அங்கே விடிகாலை 6 மணிக்கு இறங்கலாம், மகன் வேலைக்குப் போகும் முன்னால் வந்து கூட்டிப்போய்விடுவான்.