ஜெரண்டா, இன்ஃபினிடிவா: எதை எங்கே போடுவது?

வங்கித் தேர்வுக்கு ஆங்கில இலக்கணம் படிக்கிறவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. வினையோடு ‘-இங்’ சேர்ந்து பெயர்ச்சொல் போல வந்தால் ஜெரண்ட்; வினைக்கு முன் ‘டு’ வந்தால் இன்ஃபினிடிவ்.

வினைக்குப் பின்: என்ஜாய், அவாய்டு, ஃபினிஷ் வந்தால் ஜெரண்ட் (‘ரீடிங்’). வான்ட், டிசைடு, ஹோப் வந்தால் இன்ஃபினிடிவ் (‘டு ரீட்’). மனப்பாடம்தான், குறுக்குவழி கிடையாது. ஸ்டார்ட், லைக் என்றால் எதைப் போட்டாலும் ஓடும்.

இன், ஆஃப், ஃபார் மாதிரி பிரிபோசிஷனுக்குப் பின்னால்: ஜெரண்ட் மட்டும். ‘லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ’வில் உள்ள ‘டு’வும் இந்தக் கூட்டம்தான், மார்க் போவது இங்கேதான்.

பொருள்: மதுரை விளக்குத்தூண் பக்கம் நின்று ‘ஐ ஸ்டாப்டு டு ட்ரிங்க் ஜிகர்தண்டா’ என்றால், குடிக்கத்தான் வண்டியை நிறுத்தினேன். ‘ஐ ஸ்டாப்டு ட்ரிங்கிங் ஜிகர்தண்டா’ என்றால், குடிக்கும் பழக்கத்தையே விட்டாச்சு. (மதுரைக்காரர் வாயில் வராத வாக்கியம்!)

எதற்காகச் செய்தோம் என்று சொல்ல இன்ஃபினிடிவ். வினையை எழுவாயாக வைத்து வாக்கியத்தைத் தொடங்க, ‘வாக்கிங் இஸ் குட்’ மாதிரி, ஜெரண்ட்.