ஓ.டி.பி. சொன்னேன், 19,600 ரூபாய் போச்சு: ஆன்லைனில் புடவை விற்பவர்கள் கவனத்துக்கு

நேற்று மதியத்திலிருந்து சோறு இறங்கவில்லை. விற்ற பட்டுப் புடவைக்கு வந்த ரிட்டர்னில் நான் ஏமாந்த கதை இது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் சந்தையில் சின்ன அளவில் பொருள் விற்கிறவர்களும் இனிமேல் விற்கலாம் என்று இருக்கிறவர்களும் கடைசிவரை படியுங்கள். என்னென்ன ஜாக்கிரதை வேண்டும் என்று கீழே விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஆரணிப் பக்கம். சித்தப்பா வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. அந்தப் புடவைகளையும் அதே தெருவில் நாலைந்து பேர் நெய்வதையும் படம் எடுத்து, விலை போட்டு விற்பது என் வேலை. முதலில் வாட்ஸ்அப்பில் மட்டும் விற்றேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், எல்லோர் ஃபோனிலும் இருக்கிற ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் சேர்ந்தேன். எந்த ஆப் என்று கமெண்ட்டில் கேட்காதீர்கள். பெயரைப் போட்டால் கணக்கை முடக்கிவிடுவார்களோ என்று பயம், என் பணம் இன்னும் அதற்குள் நிற்கிறது.

சேரும்போதே ஜி.எஸ்.டி. எண் வாங்கியாயிற்று. மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சின்ன வியாபாரிகளுக்கு 2023 அக்டோபரிலிருந்து அது கட்டாயம் இல்லை என்று தளர்த்தியது உண்மைதான். ஆனால் எனக்குப் பட்டு ஆர்டர் வருவதே பெங்களூர், ஹைதராபாத் பக்கமிருந்து. மாநில எல்லை தாண்டினால் எண் வேண்டும். அதற்கு மாதா மாதம் ஆடிட்டர் ஃபீஸ். ஆப்காரர்கள் கமிஷன், கூரியர் கூலி, அவற்றின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அது போக டி.சி.எஸ். என்று அவர்களே பிடித்துக் கட்டுகிற வரி அரை சதவீதம். இதெல்லாம் தெரிந்துதான் இறங்கினேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

ஆரம்பத்தில் காட்டன் புடவை மட்டும்தான் அதில் போட்டேன். 700, 800 ரூபாய் சரக்கு, போனாலும் தாங்கும். பட்டைப் போடத் தைரியம் வரவில்லை. ஆடி மாதம் அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டார். என் கணக்கைப் பார்த்துக்கொள்கிற மேனேஜராம். நல்ல தமிழ், தன்மையான பேச்சு. "மேடம், உங்க சில்க் கலெக்‌ஷன ஏன் வாட்ஸ்அப்லயே வச்சிருக்கீங்க? முகூர்த்த சீசன் வருது. பத்து நாள் ஈஸி ரிட்டர்ன் போடுங்க, உங்க புடவை மேல வந்து நிக்கும்" என்றார். ரிட்டர்னில் பொருளை மாற்றி அனுப்பினால் என்ன செய்வது என்று நானே கேட்டேன். நினைவு இருக்கிறது, அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் பிக்கப் பண்றப்பவே எங்க ஆள் செக் பண்ணித்தான் வாங்குவார் மேடம். அதையும் மீறி ஏதாவதுன்னா செல்லர் பாதுகாப்பு இருக்கு, ஒரு க்ளெய்ம் போட்டா முடிஞ்சுது. நான் இருக்கேன்ல" என்றார்.

நான் இருக்கேன்ல! அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று பட்டுப் புடவையை ஏற்றினேன்.

ஆவணி முகூர்த்தத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஒரே ஆள் இரண்டு புடவை ஆர்டர். ஒன்று மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை. இன்னொன்று அரக்கு. ஒன்று 9,800 வீதம் 19,600 ரூபாய். அந்த அரக்குப் புடவை சித்தப்பா தறியில் நெய்தது, பதினோரு நாள் வேலை. முந்தியில் ஒரு இடத்தில் ஜரிகை ஓட்டம் சரியில்லை என்று அரை நாள் வேலையைப் பிரித்து மறுபடி நெய்தார். வெளிமாநிலத்தில் பெரிய நகரம், முன்பணம் கட்டிய ஆர்டர், சி.ஓ.டி. கூட இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் வழக்கமாகக் கையால் எழுதிக் கட்டுகிற அட்டையை வெள்ளை நூலில் கட்டி, மடிப்புக் கலையாமல் மல்மல் துணி சுற்றி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. ஞாயிறு முகூர்த்தம். திங்கள் காலை பத்து மணிக்கு ரிட்டர்ன் கேட்டு வந்துவிட்டது. காரணம், "நிறம் படத்தில் உள்ளது போல் இல்லை". கவனியுங்கள், நிறம் சரியில்லாதது வெள்ளி, சனி இரண்டு நாளும் தெரியவில்லை. முகூர்த்தம் முடிந்து திங்கட்கிழமைதான் தெரிந்திருக்கிறது.

கூரியர் பையன் அங்கே பார்சலை வாங்கிய அன்று சாயங்காலமே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எனக்கு மெசேஜ். பொருள் இன்னும் வண்டியில் இருக்கிறது, நான் கண்ணால் பார்க்கவில்லை. அதற்குள் 19,600 ரூபாய் அந்தப் பக்கம் போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் பார்சல் வந்தது. கொண்டுவந்த தம்பி இரண்டு வருடமாக எங்கள் தெருவுக்கு வருகிறவன், நல்ல பையன். வெயிலில் முகம் வாடிப்போய் நின்றான். "அக்கா, இன்னும் முப்பது டெலிவரி இருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க, அப்புறமா பொறுமையா பிரிச்சுக்குங்க" என்றான். தண்ணீர் கொடுத்தேன், ஓ.டி.பி.யும் சொன்னேன். அந்த நாலு இலக்கம்தான் என் தலையெழுத்து. ஓ.டி.பி. சொன்னால் "பொருள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது" என்று நானே ஒப்புக்கொண்டதாக அவர்கள் கணக்கில் ஏறிவிடும். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

உள்ளே போய்ப் பிரித்தேன். வீடியோ எடுக்கவில்லை. மாமியார் மட்டும் பக்கத்தில் இருந்தார்.

மேலே இருந்தது மஞ்சள். கையில் எடுத்ததுமே மல்லிகைப்பூ வாடின வாசனை. பிரித்தால் கீழ்க்கரையில் ஃபால்ஸ் தைத்திருந்தது. ஃபால்ஸ் தைத்த புடவையை "நிறம் சரியில்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள், அதையும் ஒருவர் செக் பண்ணி வாங்குகிறார். கொசுவம் வருகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. உதறியபோது தரையில் ஏதோ விழுந்தது. மாமியார்தான் குனிந்து எடுத்துப் பார்த்தார். மஞ்சள் தடவிய அட்சதை, ஒரே ஒரு அரிசி. யார் வீட்டுக் கல்யாணமோ, நன்றாக இருக்கட்டும்.

அடுத்து அரக்கு. நிறம் அதே அரக்கு, ஜரிகை மாதிரி மினுமினுப்பும் இருக்கிறது, நான் எழுதிய அட்டையும் இருக்கிறது. ஆனால் வெள்ளை நூலைக் காணோம், அட்டையை ஸ்டேப்ளர் பின் போட்டு அடித்திருந்தார்கள். தூக்கிப் பார்த்ததுமே கனம் இல்லை. எனக்குச் சந்தேகம்தான், சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவர் தொடக்கூட இல்லை, வாசலிலிருந்தே பார்த்துவிட்டு "இது நம்ம புடவை இல்லம்மா" என்றார். அப்புறம் முந்தி ஓரத்தில் நாலு இழை ஊடையை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டினார். உருகிச் சுருண்டு, மிளகு மாதிரி கறுப்பாகக் கெட்டியாக நின்றது. பாலியஸ்டர். பக்கத்தில் மஞ்சள் புடவையிலிருந்து ஒரு இழையை உருவி எரித்தார். தலைமுடி கருகின நாற்றம், விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. அதுதான் பட்டு. அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு தீக்குச்சி போதும். பிக்கப் பண்ணின பையன் ஃபோனில் "புடவையா? ஆம். நிறம் பொருந்துகிறதா? ஆம்" என்று தட்டியிருப்பான். பட்டையும் பாலியஸ்டரையும் பிரித்துப் பார்க்க அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒரு புடவை திரும்பி வந்துவிட்டதே, ஏன் 19,600 என்கிறாய் என்று சிலர் கேட்பீர்கள். எண்ணெய்க் கறையோடு, கட்டிக் களைந்த புடவையைப் புதுசு என்று நான் யாருக்கு விற்பேன்? அந்த ஏமாற்று வேலை எனக்கு வராது.

அன்றைக்கே க்ளெய்ம் போட்டேன். ஃபோட்டோ பதினாலு. நாலே மணி நேரத்தில் பதில்: "போதிய ஆதாரம் இல்லை". லேபிள் தெரிகிற மாதிரி, பார்சலைப் பிரிப்பதற்கு முன்னாலிருந்து இடையில் வெட்டாத வீடியோ வேண்டுமாம். மறுபடி திறந்தேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் டிக்கெட் தீர்க்கப்பட்டது." மூன்றாவது முறை சாட்டில் வந்தவர் முதலில் "வணக்கம், இன்று உங்கள் நாள் எப்படிப் போகிறது?" என்று கேட்டார். எப்படிப் போகும்? நான் ஃபால்ஸ் படத்தை அனுப்பினால், "ஃபால்ஸ் என்றால் என்ன என்று விளக்க முடியுமா?" என்கிறார். புடவை விற்கிற பிரிவுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தவருக்கு ஃபால்ஸ் தெரியவில்லை. விளக்கி முடிப்பதற்குள் சாட் நின்றுவிட்டது.

அந்த மேனேஜர்? ஆறு முறை அடித்தேன். ஏழாவது முறை எடுத்தார். "மேடம், நான் இப்ப ஃபுட்வேர் பாக்குறேன். உங்களுக்குப் புது ஆள் கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை.

19,600 ரூபாயை அவர்கள் என்னிடம் கேட்டு வாங்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். அடுத்த வாரம் வர வேண்டிய பணத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். நான் அனுப்பிய காட்டன் புடவைகளின் பணம் முழுக்க அதில் போயிற்று, இன்னும் கணக்கில் மைனஸ் நிற்கிறது. திரும்பி வந்த கூரியர் கூலியும் என் தலையில்தான். "தரக் காரணத்தால் ரிட்டர்ன்" என்று என் ரேட்டிங்கையும் இறக்கிவிட்டார்கள். ஆடிட்டரிடம் போனால் அவர் பொருள் திரும்பி வந்துவிட்டதாக ஒரு கிரெடிட் நோட் (பில் தொகையைக் கழிக்கிற சீட்டு) போட்டுவிட்டு, "கணக்குப்படி ரெண்டு பட்டுப் புடவையும் உங்க ஸ்டாக்குல இருக்கும்மா" என்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

1915-க்கும் அடித்துப் பார்த்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். நிதானமாகக் கேட்டுவிட்டு, "நீங்க வாங்கினவங்களா, வித்தவங்களா?" என்றார்கள். விற்றவள் என்றதும் விஷயம் முடிந்தது. வியாபாரத்துக்காகச் சேவை வாங்குகிறவர் சட்டத்தில் நுகர்வோர் இல்லையாம். 2020-ல் வந்த மின்வணிக விதிகளில், புகார் கொடுத்த நுகர்வோருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று இருக்கிறது. நல்ல விதி. கிழிந்த சுடிதாரைத் திருப்பிக் கொடுக்க நானே அதைப் பேசியிருக்கிறேன். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது, அதுவும் நியாயம். திரும்பி வந்தது நான் அனுப்பின பொருளே இல்லை என்றால் யாரிடம் போவது? அதை எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. நேற்று மதியம் கடைசியாக ஒரு மெயில்: "இந்த முடிவு இறுதியானது." அதோடு ஒரு சுட்டி, சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பிட வேண்டுமாம்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுத எழுதக் கை நடுங்குகிறது. தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ரிட்டர்ன் பார்சலுக்கு முதலில் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். கூரியர் தம்பி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அவன் எதிரிலேயே லேபிள் தெரிய வீடியோவை ஓட விட்டுப் பிரியுங்கள். அனுப்பும்போதும் அதே மாதிரி வீடியோ, எடை போடுவதையும் சேர்த்து. புடவை என்றால் முந்தியில், கட்டினால் மறைக்க முடியாத இடத்தில், அறுத்தால் மறுபடி மாட்ட முடியாத டேக் போடுங்கள். என்னை மாதிரி நூலில் அட்டை கட்டாதீர்கள். விலை உயர்ந்த சரக்குக்கு ஈஸி ரிட்டர்ன் போடச் சொல்லி யார் தேனாகப் பேசினாலும் "மெயிலில் எழுதி அனுப்புங்க சார்" என்று கேளுங்கள். க்ளெய்முக்கு நாள் கணக்கு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். வேறு வழி தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள், இதே மாதிரி 19,600-ஓ அதற்கு மேலோ விட்டவர்களும் சொல்லுங்கள்.

மூன்றாவது பட்டுப் புடவையை ராத்திரியே ஆப்பிலிருந்து எடுத்துவிட்டேன். சித்தப்பாவுக்கு அரக்குப் புடவைக்கான கூலி பாக்கி இருக்கிறது, வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சள் புடவையின் ஃபால்ஸைப் பிரித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.