கந்தப்பளைக் குளிரில் ஒரு மெசி 135: நண்பரின் கேள்விக்கு என் பதில்

வெலிமடைப் பக்கம் காணி வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், பழைய மெசி பேர்குசன் 35 உழவு இயந்திரம் ஒன்று மலிவாகக் கிடைப்பதாகவும், அதே குடும்பத்தைச் சேர்ந்த 135ஐப் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் நான் என்ன சொல்கிறேன் என்றும் கேட்டிருந்தார். என்னுடைய இயந்திரத்தின் நொசில்களை, அதாவது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனைகளை, சரிபார்த்து மீண்டும் பூட்டிய வேலை இப்போதுதான் முடிந்திருக்கிறது. ஆகையால் கேள்வி சரியான நேரத்தில் வந்திருக்கிறது. குதிரை வலு, கியர், எடை போன்ற விவரங்கள் அவருக்குத் தெரிந்தவையே. விடியற்காலை ஐந்து மணிக்கு, புல்லின் மேல் துகள் பனி படிந்திருக்கும்போது, இந்த எஞ்சினைக் கிளப்புவது எப்படிப்பட்ட வேலை என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை அமுக்கும்போது பிறக்கும் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். காற்றும் குளிர்ந்து, இரும்பும் குளிர்ந்து கிடக்கும் காலையில் அந்த வெப்பத்தின் பெரும்பகுதியைச் சிலிண்டர் சுவர்களே குடித்துவிடுகின்றன. எங்கள் கந்தப்பளைக்கு அருகில் இருக்கும் நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், சிலிண்டருக்குள் புகும் காற்றே குறைவாக இருக்கிறது. பிஸ்டன் றிங்குகள் சற்றுத் தேய்ந்திருந்தால் அந்தக் கொஞ்சக் காற்றிலும் ஒரு பகுதி கசிந்து போய்விடும். வவுனியாவிலோ அநுராதபுரத்திலோ ஒரே சுற்றில் கிளம்பிக் காட்டிய இயந்திரம் இங்கே வந்ததும் முரண்டு பிடிப்பதற்கு இவைதான் காரணங்கள். அங்கே காட்டியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வெயிலில் நடந்த சோதனை மலைநாட்டில் எதற்கும் சான்றாகாது.

இந்தக் குளிர்த் தொல்லைக்கான மருந்தை எஞ்சினைச் செய்தவர்களே வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்பதே என் கோபத்துக்குக் காரணம். 135இல் இருக்கும் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினின் காற்று உள்வாங்கும் மனிபோல்டில் தெர்மோஸ்டார்ட் என்ற விரல் அளவுப் பாகம் ஒன்று திருகப்பட்டிருக்கும். சாவியைச் சூடேற்றும் நிலையில் 15, 20 விநாடிகள் பிடித்திருந்தால் அதன் கம்பிச் சுருள் பழுக்கக் காயும்; அந்த வெப்பத்தில் சிறிய வால்வு திறந்து, சொட்டுச் சொட்டாக டீசலை விடும்; ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது அந்த டீசல் பற்றி எரிந்து, சிலிண்டருக்குப் போகும் காற்றைச் சூடாக்கும். வறண்ட வலயத்தில் இது யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஆகவே என் இயந்திரம் அங்கே ஓடிய காலத்தில் ஏதோ ஒரு கராஜில் அதைக் கழற்றிவிட்டு, துளையை ஒரு போல்ட்டால் அடைத்து, டீசல் வரும் மெல்லிய குழாயை மடக்கி நசுக்கி, வயரையும் வெட்டி விட்டிருக்கிறார்கள். விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஒரு போல்ட்டால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பற்றறி பலவீனம் என்று சொல்லிப் புதிய பற்றறி வாங்க வைத்தார்கள்; ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிச் சரிபார்த்தார்கள். எயார் கிளீனரின் வாயில் எரியும் துணிச் சுருளைப் பிடித்துக் கிளப்பும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. டீசல் கசியும் பழைய எஞ்சினுக்கு அருகில் அதைச் செய்வதை நான் ஒருபோதும் விரும்பியதில்லை. மற்றொரு வழி, தோட்டங்களில் எல்லோரும் செய்வதுபோல இரவில் இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, காலையில் உருட்டிக் கிளப்புவது. பின்னால் கரட் மூட்டைகள் ஏற்றிய இழுவைப் பெட்டி பூட்டியிருக்க, ஈரப் புல்லில் கிளச்சை விட்டால் சக்கரம் சுழலாமல் சறுக்கும். இறக்கத்தின் அடிவாரத்துக்குப் போய்ச் சேரும்வரை எஞ்சின் பற்றவில்லை என்றால், அங்கிருந்து மேலே தள்ள எத்தனை பேர் வந்தாலும் போதாது. கரட் கழுவும் இடத்துக்கு மூட்டைகள் நேரத்துக்குப் போகாவிட்டால் தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் லொறி நமக்காகக் காத்திருக்காது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப அடிக்கும் ஈதர் தெளிப்பான்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: தெர்மோஸ்டார்ட் வேலை செய்யும் எஞ்சினில் அதை ஒருபோதும் அடிக்கக் கூடாது. எரியும் சுருளின் மேல் ஈதர் பட்டால் மனிபோல்டே வெடிக்கக்கூடும்.

தோட்டத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பழகிய வயதான மெக்கானிக் பாஸ் ஒருவர்தான் இதற்கு முடிவு கட்டினார். அவர் பற்றறியைப் பார்க்கவில்லை. நேரே மனிபோல்டைத் தடவிப் பார்த்து, இங்கே இருந்த சாமான் எங்கே என்று கேட்டார். புதிய தெர்மோஸ்டார்ட், புதிய குழாய், சரியான வயர், நொசில்களின் அழுத்தச் சோதனை, பிறகு கைப் பம்பால் டீசல் பாதையில் இருந்த காற்று முழுவதையும் எடுத்தல் ஆகியவற்றோடு வேலை முடிந்தது. இப்போது பனி விழும் காலையிலும் சிறிது நேரம் சூடேற்றினால் எஞ்சின் கிளம்பிவிடுகிறது. ஆகவே நியாயமாகச் சொன்னால் குறை எஞ்சினுடையது அல்ல.

கிளம்பிய பிறகு இதைப் போல மனதுக்கு நிறைவு தரும் இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. கருவிகளைப் பின்னால் பூட்ட ஹரி பேர்குசன் வகுத்த மும்முனை இணைப்பும் ஹைட்ரோலிக்கும் கலப்பையைத் தூக்குவதற்கு மட்டும் அல்ல. மண் இறுகி இழுவை கூடும்போது மேல் இணைப்புத் தண்டு அதை உணர்ந்து கலப்பையைச் சற்று உயர்த்துகிறது, மண் இளகியதும் மீண்டும் இறக்குகிறது. ஓடைக் கரையில் இருக்கும் எங்கள் சமதரையில் உருளைக்கிழங்குக்கு மண் திருப்பும்போது, இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, அந்தத் தண்டு தானாகவே நடத்தும் வேலையைப் பார்த்துக்கொண்டே போவது எனக்கு இன்றும் அலுக்கவில்லை. பெட்டியைத் திருப்ப இடமில்லாத படிக்கட்டு நிலங்களின் ஓரத்தில், பின்புறத் தூக்கியில் பலகைத் தட்டு ஒன்றைப் பூட்டி, கோவாவும் லீக்ஸும் ஏற்றி வருகிறோம். 2022 ஜூன் இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபாயாகி, அதுவும் வரிசையில் நின்றே கிடைத்த காலத்தில், இந்த 2.5 லீற்றர் எஞ்சின் சிக்கனமாக ஓடி எங்கள் விளைச்சலைக் காப்பாற்றியது. மின்னணுப் பாகம் எதுவும் இல்லாததால், நல்ல பாஸ் ஒருவர் ஸ்பனர் பெட்டியோடு வந்தால் வயலிலேயே திருத்திவிடுவார்.

இறக்கத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். இடது வலது பிரேக் மிதிகள் தனித்தனியானவை. வீதியில் இறங்குமுன் இரண்டையும் கொக்கியால் இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். பாரம் ஏற்றிய பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது கியர் மாற்ற முயலக் கூடாது. தாழ்ந்த கியரை மேலேயே போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் சட்டகம் என்னுடையதில் இல்லை. அதனால் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுவதற்கு யாரையும் நான் விடுவதில்லை.

இனி நண்பர் கேட்ட 35. முதலில் அது எத்தனை சிலிண்டர் என்று பாருங்கள்; நொசிலுக்குப் போகும் குழாய்களை எண்ணினால் தெரிந்துவிடும். தொடக்கத்தில் வந்த 35களில் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் இருந்தது. குளிரில் கிளம்பாது என்று இங்கிலாந்திலேயே பெயர் வாங்கிய எஞ்சின் அது. 1959இல் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் அதன் இடத்தைப் பிடித்தது. நான்கு குழாய்கள் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாக இருந்தாலும், இன்று நான் சொல்லும் பதில் வாங்க வேண்டாம் என்பதுதான். வெலிமடை எங்களை விடத் தாழ்ந்த இடம், குளிரும் குறைவு, நான் பட்ட தொல்லையில் பாதிகூட உங்களுக்கு வராமல் போகலாம். ஆனாலும் அடுத்தவர் அடைத்து வைத்த துளைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே போன காலைகளை நினைத்தால் என் நாவில் வேறு சொல் வரவில்லை. என்னுடையதை விற்பீர்களா என்று கேட்டால், அதற்கும் இல்லை என்பதே பதில். உங்களால் ஆசையை அடக்க முடியவில்லை என்றால், பார்க்க வருவதாக முன்கூட்டியே சொல்லாமல் விடியற்காலையில் போங்கள். சாவியைத் தொடுமுன் எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ கிளப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அன்று முன்பணம் கொடுக்காதீர்கள்.