பொம்மை கவுண்டரில் நின்றவர்: ஹைஸ்மித்தின் டைரிகள்

பார்சலைப் பிரிக்கும்போதே அட்டையின் ஒரு முனை மடங்கியிருந்தது. மாற்றிக் கேட்டிருக்கலாம். ஆனால் நின்ற இடத்திலேயே இருபது பக்கம் படித்துவிட்டேன், அப்புறம் எங்கே திருப்பி அனுப்புவது? கிட்டத்தட்ட ஆயிரம் பக்கம். மடியில் தலையணை வைத்து, அதன்மேல் வைத்துத்தான் படிக்க முடிந்தது.

டாம் ரிப்ளி என்ற நாசூக்கான கொலைகாரனைத் தன் நாவல்களில் படைத்த அமெரிக்க எழுத்தாளர் பட்ரிசியா ஹைஸ்மித், 1995-இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். அவர் வீட்டுத் துணி அலமாரியில் டைரிகளும் நோட்டுகளுமாக 56 கிடைத்தன. சுமார் 8000 பக்கம். அவருடைய எடிட்டர் அன்னா ஃபான் பிளான்டா அவற்றைச் சுருக்கி 2021-இல் கொண்டுவந்த தொகுப்பு இது.

நான் மூன்று வருடம் ஜவுளிக்கடை கவுண்டரில் நின்றவள். அதனால் 1948 டிசம்பரை விட்டு நகரவே மனம் வரவில்லை. நியூயார்க்கில் ப்ளூமிங்டேல்ஸ் கடையின் பொம்மைப் பிரிவில் ஹைஸ்மித் தற்காலிக வேலை பார்க்கிறார். எதற்கு? ஓர் ஆணைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி தன் மனதை 'சரிசெய்ய' மனநல சிகிச்சைக்குப் போகிறார். அதற்குக் காசு வேண்டும். அப்போது மிங்க் ரோமக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்து பொம்மை வாங்கி, டெலிவரிக்கு முகவரி சொல்லிவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான். அன்று இரவே, இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் ஒரு நாவலின் கதை முழுதும் எழுதியாயிற்று. கூடவே காய்ச்சல், சின்னம்மை!

பில் போட்ட முகம் மனதில் தங்கிவிடுவது எனக்கும் தெரியும். ஆனால் இவர் 1950-இல் நியூஜெர்சிக்கே போய் அந்தப் பெண்ணின் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறார். மறுநாள் டைரியில், கொலை செய்வதும் ஒருவகையில் காதலிப்பதுதான், ஒருவரைச் சொந்தமாக்கிக்கொள்வதுதான் என்று எழுதுகிறார். அவருடைய முதல் கிரைம் நாவல் வெளிவந்ததும் அதே வருடம். காதல் கதையும் கொலைக் கதையும் ஒரே அடுப்பில் வெந்தவை என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

அந்தக் காதல் நாவல் 1952-இல் கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் வந்தது. சொந்தப் பெயரை அதில் போட அவருக்கு 1990 வரை ஆயிற்று.

குறைகள் உண்டு. 1940-களின் பக்கங்களில் காதலிகளின் பெயர்கள் வரிசையாக வந்து குழப்பும்; நான் ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டேன். பிற்காலப் பக்கங்களில் யூதர்கள் மீதான வெறுப்பு வாயைக் கசக்க வைக்கிறது. மிக மோசமான சிலவற்றை வெட்டியதாக எடிட்டரே சொல்கிறார். வெட்டாமல் விட்டிருக்கலாம். ஆளை முழுசாகத் தெரிந்துகொள்ளத்தானே டைரி படிக்கிறோம்?

ஹைஸ்மித்தைப் படிக்காதவர்கள் இதை முதலில் வாங்க வேண்டாம். ரிப்ளி நாவலைப் படித்துவிட்டு வாருங்கள். படித்தவர்கள் தலையணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.